நெசவாளியின் பரண் விற்பனைக்கு

வளைகுடாவில் வணிகம் செய்து வளம் பெற்ற சகோதரர் ஒருவர் அண்மையில் நமக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். கிழக்கு லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில், பிரிக் லேன் என்னும் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், 'லாஃப்ட்' குடியிருப்பு ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். பூசப்படாத பழைய செங்கல் சுவர், இரும்புத் தூண்கள், சுவரின் முழு அகலத்துக்கும் நீண்டு கிடக்கும் சன்னல்கள், பளிங்கு பதித்த சமையலறை. விலை பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி நிற்கிறது. "பள்ளிவாசல் நடந்து போகும் தூரம்தான். வட்டிக்கடன் வேண்டாம், ரொக்கமாகவே கொடுத்துவிடுவேன். வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். மார்க்க அடிப்படையில் தவறேதும் இல்லையே?" என்று கீழே எழுதியிருந்தார்.

கேள்வி நேர்மையானது. வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழாத காலத்தில் இப்படிக் கேட்பவரை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்த விளம்பரத்தைப் படித்தபோது நமக்கு எழுந்த சினத்தை மறைக்க விரும்பவில்லை. விலையைக் கண்டு வந்த சினமன்று அது. "வரலாறு மணக்கும் சூழல்", "பல பண்பாடுகள் துடிக்கும் தெரு", "நெசவாளர்கள் கண்ட அதே வெளிச்சம்" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஏழைகளின் வரலாற்றைப் பளிங்கோடும் இரும்புத் தூணோடும் சேர்த்து விலைப்பட்டியலில் ஏற்றிவிட்டு, அந்த ஏழைகளின் பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அந்தப் பக்கம் முடிந்திருந்தது.

அந்த வெளிச்சத்தின் கதையைச் சொல்கிறோம். 1685-ல் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி, புரொட்டஸ்டண்டுகளுக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டு உரிமையை ரத்துச் செய்தார். ஹியூகனாட் எனப்படும் அம்மக்கள் பல்லாயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் பட்டு நெசவாளர்கள் பலர் லண்டன் நகர மதிலுக்கு வெளியே இருந்த ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் வந்து சேர்ந்தார்கள். நகரத்துக்குள் இருந்த தொழிற்சங்கங்களின் கெடுபிடி அங்கே குறைவு. வாடகையும் குறைவு. வீடுகளின் உச்சியில், கூரைக்கு அடியில் தறிகளை நிறுத்தினார்கள். மெல்லிய பட்டிழையைப் பிரித்தறியப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்தப் பரண்களுக்கு மட்டும் சன்னல்களை அகல அகலமாக வைத்தார்கள். இன்று விளம்பரம் புகழும் வெளிச்சம் அதுதான். அது அன்று ஒரு கருவி, தறியைப் போல, நாடாவைப் போல. அதன் கீழே அமர்ந்தவன் பார்வை மங்கும் வரை நெய்தான். அறையின் அழகை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு நேரமிருந்திருக்காது.

நம் தமிழில் பரண் என்றால் உடைந்த அண்டாவும் பழைய பெட்டியும் கிடக்கும் இடம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஏறத்தாழ அதே பொருள்தான். அச்சொல் எப்படி ஆடம்பரத்தின் பெயராயிற்று என்பதை அறிய நியூயார்க்கின் சோஹோ வட்டாரத்துக்குப் போக வேண்டும். தொழிற்சாலைகள் காலியான பின் அந்த மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். வெந்நீர் இல்லை, குளிர்காலத்தில் வெப்பமூட்டும் வசதியும் இல்லை. 1971-ல் மாநகராட்சி அவர்கள் குடியிருப்பதைச் சட்டபூர்வமாக்கியது. 1982-ல் வாடகைதாரர்களைக் காக்க மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. அதற்குள் பணக்காரர்களுக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போயிற்று. வறுமைக்கு ஓவியனின் கையெழுத்துக் கிடைத்தவுடன் அதற்கு விலை பிறந்துவிடுகிறது. அங்கிருந்து அந்த மோகம் லண்டனுக்கு வந்தது. 1990-களில் கிழக்கு லண்டனின் கிடங்குகளும் ஆலைகளும் ஒவ்வொன்றாக 'லாஃப்ட்' ஆயின.

ஸ்பிடல்ஃபீல்ட்ஸுக்குத் திரும்புவோம். அந்த நெசவாளர்கள் சாதுக்களாகவே வாழ்ந்து மடிந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்திறங்கிய அச்சிட்ட பருத்தித் துணி, அதிலே நம் சோழமண்டலக் கரையின் துறைமுகங்களில் மரக்கலம் ஏறிய துணியும் உண்டு, அவர்களது பட்டின் விற்பனையைக் குலைத்தது. 1719-ல் அவர்கள் தெருவில் இறங்கி, இந்தியப் பருத்தி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மை தெளித்தார்கள். 1721-ல் நாடாளுமன்றம் அத்தகைய துணியை உடுத்துவதற்கே தடை விதித்தது. நம் கரையின் நெசவாளியும் மரைக்காயர் வணிகரும் இழந்தது கொஞ்சமன்று. ஆகவே ஹியூகனாட்டுகளின் மீது தனிப்பற்றுக் கொண்டு இதை எழுதவில்லை. கூலிக்காக அவர்கள் நடத்திய போராட்டத்தில் 1769-ல் இருவர் பெத்னல் கிரீனில் பொதுமக்கள் பார்க்கத் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. 1773-ல் கூலியை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 1824-ல் அதை நீக்கினார்கள். 1860-ல் பிரெஞ்சுப் பட்டுக்குச் சுங்கமின்றிக் கதவைத் திறந்ததோடு அந்தத் தறிகளின் ஓசை அடங்கத் தொடங்கியது. விளம்பரம் வாங்குபவனுக்கு இதில் எதையும் சொல்லவில்லை. தூக்குமரம் வீட்டின் மதிப்பைக் கூட்டாது போலும்.

பரண்கள் காலியானபோது ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பி யூதர்கள் வந்தார்கள். 1881-க்குப் பின் அலை அலையாக வந்து, அதே அறைகளில் தையல் இயந்திரத்தை வைத்தார்கள். அவர்கள் உழைத்து முன்னேறி வடக்கு லண்டனுக்கு நகர்ந்தபோது, கப்பல்களில் அடுப்பெரித்த சில்ஹட் மாவட்டத்து முஸ்லிம்களும் அவர்களது உறவினர்களும் அவ்விடத்தை நிரப்பினார்கள். தையல் இயந்திரம் அப்படியே இருந்தது. தைத்தவரின் மொழி மட்டும் மாறியது.

பிரிக் லேனும் ஃபூர்னியர் தெருவும் கூடும் முனையில் நிற்கும் கட்டடத்தை நம் வாசகர் பலர் படத்திலாவது கண்டிருப்பர். 1743-ல் ஹியூகனாட்டுகள் அதைத் தங்கள் தேவாலயமாகக் கட்டினார்கள். 1809-ல் யூதர்களைக் கிறித்தவத்துக்கு மாற்ற முனைந்த ஒரு சங்கத்தின் கைக்குப் போயிற்று. 1819-ல் மெதடிஸ்டுகளிடம் வந்தது. 1898-ல் அதே யூதர்கள் அதைத் தங்கள் தொழுகைக்கூடமாக்கினார்கள், அதுவும் மிகுந்த ஆசாரம் உடையவர்கள்! 1976-ல் அது பள்ளிவாசலாயிற்று. இன்றும் அதன் உச்சியில் முதல் காலத்துச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. மனிதர் நிழலே எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்கள் அதை அகற்றவில்லை. அகற்ற வேண்டிய கருத்தும் அதில் இல்லை.

விளம்பரம் செய்வோருக்கு இந்தக் கட்டடம் என்றால் கொள்ளைப் பிரியம். 'நல்லிணக்கத்தின் சின்னம்' என்று எழுதாத சொத்து முகவர் இல்லை. நாம் கேட்பது இதுதான்: ஒரே கூரை நான்கு சமூகத்தாரிடம் கைமாறியது எதனால்? அவர்கள் ஒருவரையொருவர் நேசித்ததாலா? இல்லை. ஒவ்வொரு முறையும், எதுவுமற்று வந்து இறங்கிய ஒரு கூட்டத்துக்கு அந்தத் தெருவில் தலைசாய்க்கும் அளவுக்கு வாடகை மலிவாக இருந்தது. அதனால் அவர்கள் அங்கே கூடினார்கள், கூடியதால் வழிபாட்டிடம் தேவைப்பட்டது, முந்தியவர்கள் நகர்ந்ததால் கட்டடம் கிடைத்தது. மலிவான வாடகைதான் அந்த நல்லிணக்கத்தின் அடித்தளம். பரண் பத்து லட்சம் பவுண்டுக்குப் போகும் நாளில் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. நாளை வேறொரு நாட்டில் குண்டு விழுந்து, வேறொரு மக்கள் கையில் குழந்தையோடு லண்டனில் வந்திறங்கினால் அவர்களுக்கு ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் இல்லை. முன்னூறு ஆண்டுகளாக அகதிகளை ஏற்ற தெரு என்று பெருமை பேசிக்கொண்டே, இனி ஓர் அகதியும் அங்கே நுழையாதபடி விலையால் வேலி போடுகிறார்கள்.

இதைவிட வெட்கக்கேடான ஒன்றும் அங்கே இருக்கிறது. ப்ரூன் தெருவில் 1902-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஒரு கட்டடம். அதன் முகப்பில் கஞ்சிப் பாத்திரம் ஒன்றைக் கல்லில் செதுக்கி, யூத ஏழைகளுக்கான கஞ்சித்தொட்டி என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். யூத ஆண்டுக் கணக்கில் 5662 என்றும் போட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்கள் முட்டிமோதாமல் இருக்க 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு கதவுகள், அவற்றின் மேலும் கல்லெழுத்து. பல்லாண்டுகள் பசித்தவர்களுக்கு அங்கே உணவு கிடைத்தது. இன்று அது ஆடம்பரக் குடியிருப்பு. எழுத்துகள் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம் என்பதால் அழிக்கவும் முடியாது, அழிக்க விருப்பமும் இல்லை, அதுதானே அழகு! பசித்தவன் நுழைந்த கதவின் வழியே பவுண்டில் மில்லியனர் வீடு திரும்புகிறார். நம் ஊர்களில் ரமளான் மாதத்தில் பள்ளிவாசல் திண்ணையில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறோம். அந்தத் திண்ணையைப் பெயர்த்தெடுத்து ஒருவர் தம் வரவேற்பறையில் பதித்து, 'கஞ்சி வாங்கிய திண்ணை' என்று விருந்தினருக்குக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

இன்னும் கிழக்கே போனால் போ வட்டாரத்தில் பழைய தீப்பெட்டி ஆலை. 1888-ல் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்த இடம். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்து உயிரைக் குடித்த இடம். அதுவும் இப்போது காவலிட்ட வாயிலுக்குள் அடுக்ககம். அதைப் பற்றி விரித்தெழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நாமும் அந்த விளம்பரம் எழுதியவரைப் போல் ஆகிவிடுவோம். 1970-களில் இந்த வீடுகளை இடித்துத் தள்ளவே நிலவணிகர்கள் காத்திருந்தார்கள். 1977-ல் பழங்கட்டடங்களை நேசித்த சிலர் எல்டர் தெருவில் இடிக்கவிருந்த வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று பார்ப்பதற்கு அங்கே ஒரு செங்கல்லும் மிஞ்சியிருக்காது. அந்த நன்றியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், சில நூறு அடி தள்கி, மாநகராட்சி வீடு கிடைக்காத வங்காளிக் குடும்பங்களும் காலிக் கட்டடங்களுக்குள் புகுந்து உட்கார்ந்தன. அவர்களுக்கென 1976-ல் வங்காளியர் வீட்டுரிமைக் குழு ஒன்றும் அமைந்தது. வீடு ஒதுக்கப்பட்ட இடங்களிலோ நிறவெறியர்களின் கல்லும் தீயும் காத்திருந்தன. அதனால் தங்கள் மக்கள் நடுவிலேயே இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஒரே குற்றத்தை இரு சாராரும் செய்தார்கள். ஒரு சாரார் காத்தது கட்டடத்தை, மறு சாரார் காத்தது குழந்தைகளை. கட்டடத்தைக் காத்தவர்களின் கதை விளம்பரத்தில் வருகிறது.

1978 மே 4. உள்ளாட்சித் தேர்தல் நாள். ஆடைத் தொழிலாளியான அல்தாப் அலி என்ற இளைஞர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், வைட்சேப்பலின் ஆட்லர் தெருவில் நிறவெறி பிடித்த பதின்வயதினரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவரது சவப்பெட்டியின் பின்னே பிரதமரின் இல்லம் இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். ஞாயிறுதோறும் பிரிக் லேனின் வடமுனையில் நிறவெறிக் கட்சியினர் பத்திரிகை விற்ற இடத்தை, இளைஞர்கள் முந்திக்கொண்டுபோய் உட்கார்ந்து மீட்டார்கள். இன்று இரவு நேரத்தில் ஒரு பணக்காரர் அத்தெருவில் அச்சமின்றி நடக்கிறார் என்றால், 'பாதுகாப்பான, துடிப்பான சூழல்' என்று முகவர் எழுதுகிறார் என்றால், அந்தப் பாதுகாப்புக்கு முதலில் விலை கொடுத்தவர் யார்?

அவர்களது பிள்ளைகளின் நிலையைச் சொல்கிறோம். 2021 கணக்கெடுப்பின்படி இவ்வட்டாரம் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பரோவின் மக்களில் 39.9 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், இங்கிலாந்தில் இதுவே மிக உயர்ந்த விகிதம். வங்காளதேச வழியினர் மட்டும் 34.6 விழுக்காடு. மாநகராட்சி வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன. மூன்று தலைமுறை ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் வீடுகள் அங்கே அரிதல்ல. பிரிக் லேனில் 2000-களின் நடுவில் வங்காளதேசத்தவர் நடத்திய உணவகங்கள் 60 இருந்தன. 2020-ன் தொடக்கத்தில் 23 மட்டுமே எஞ்சின என்று ரன்னிமீட் அறக்கட்டளையின் ஆய்வு கூறியது. உணவகத் தொழிலின் நலிவுக்கு ஆள் தட்டுப்பாடு, விசாக் கெடுபிடி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது எனக் காரணங்கள் பல உண்டு. வாடகையும் அவற்றுள் ஒன்று. தெரு விளக்குக் கம்பங்கள் இன்னமும் பச்சையும் சிவப்புமாக வங்காளதேசக் கொடியின் வண்ணத்தில் நிற்கின்றன. கம்பம் நகராது, அதற்கு வாடகை இல்லை.

தெருவின் தெற்கு முனைக்கு அருகே, ஆல்ட்கேட்டில் எழுந்த ஒரு கோபுரக் குடியிருப்பில் பணக்காரர்களுக்கு முன்வாயிலும், குறைந்த வாடகையில் இடம் பெற்றவர்களுக்குப் பக்கச் சந்தில் வேறொரு வாயிலும் வைக்கப்பட்டதைக் கண்டித்து 2014-ல் வாரந்தோறும் ஆர்ப்பாட்டம் நடந்தது. 'ஏழைக் கதவு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஐவேளையும் தோளோடு தோள் ஒட்டி நிற்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயத்துக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருந்திருக்க வேண்டும். நம்மவர் குரல் அன்று உரக்க ஒலித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

லண்டனைப் பழித்துவிட்டு நம் முற்றத்தைப் பாராதிருப்பது நேர்மையாகாது. மக்காவில் உஸ்மானியர் கால அஜ்யாத் கோட்டை 2002-ல் இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் தகர்க்கப்பட்ட இடத்தில் 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரமும் ஆடம்பர விடுதிகளும் எழுந்தன. கஅபாவைச் சன்னலிலிருந்து காணும் அறைக்கு ஒரு விலை, காணாத அறைக்கு வேறு விலை. தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளுக்குத் தங்கள் வீட்டின் ஒரு பகுதியை ஒழித்துக் கொடுத்த மக்காவாசிகளின் பழைய மஹல்லாக்கள் இன்று எங்கே? உயரமான இடந்தோறும் பெருமைக்காகக் கட்டடம் எழுப்பிய ஆத் கூட்டத்தாரைப் பற்றித் திருக்குர்ஆனின் 26-ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஓதிவிட்டு, ஹரமைப் பார்த்த அறையின் வாடகையைக் கேட்கிறோம்.

இனிச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஃபத்வா வழங்கும் தகுதி நமக்கில்லை, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். விற்பவரும் வாங்குபவரும் மனமொப்பிச் செய்யும் விற்பனையில், வட்டியும் ஏமாற்றும் இல்லையெனில், ஹராம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால் ஹராம் இல்லை என்பதோடு ஒரு முஸ்லிமின் கேள்வி முடிந்துவிடுமா என்பதே நம் கவலை.

மதீனாவில் நடந்த ஒரு வீட்டு விற்பனையை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார். நபி (ஸல்) அவர்களால் விடுதலை பெற்ற அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅதிடம் கேட்கிறார். ஸஅதோ, நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதையும் தவணையாகத்தான் தருவேன் என்கிறார். அபூ ராஃபிஉக்கு வேறொருவர் ஐந்நூறு தீனார் தரத் தயாராக இருந்தார். அன்றைய மாற்று மதிப்பில் அது கூடுதல் தொகை. ஆயினும், அருகிலிருப்பதால் அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிருப்பதால், குறைந்த விலைக்கு, தவணைக்கு, அண்டை வீட்டாருக்கே அவர் கொடுத்துவிட்டார்.

இதிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் ஷுஃப்ஆ என்னும் முன்கொள்முதல் உரிமையைப் பேசியிருக்கிறார்கள். வங்காளியர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது அண்டை வீட்டாருக்கும் உண்டு. நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உண்டு. சட்ட வேறுபாடு எப்படியேனும் இருக்கட்டும். அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் சந்தை விலை என்ற ஒன்றை அறியாதவர் அல்லர். கையில் அதிக விலை இருந்தும் 'அடுத்த வீட்டில் இருப்பவர் யார்' என்று முதலில் பார்த்தார். நாம் அந்தக் கேள்வியைக் கடைசியில்கூடக் கேட்பதில்லை. "பள்ளிவாசல் பக்கத்தில்" என்று மட்டும் பார்க்கிறோம். அந்தப் பள்ளிவாசலின் ஸஃப்பில் நிற்பவர்கள் அந்தத் தெருவில் வாழ முடியாமல் பார்க்கிங்குக்கும் ரெட்பிரிட்ஜுக்கும் போய்விட்டால், ஜும்ஆவுக்கு மட்டும் ரயிலேறி வருவார்கள். ஃபஜ்ருக்கு யார் வருவார்?

சிலர் சொல்வதுண்டு: போனவர்களில் பலர் சொந்த வீட்டை நல்ல விலைக்கு விற்றுத் தோட்டம் உள்ள வீடு வாங்கித்தானே போனார்கள், யூதர்களும் அப்படித்தானே போனார்கள், இதில் அழ என்ன இருக்கிறது? உண்மைதான். விற்று உயர்ந்தவர்களுக்கு அல்லாஹ் மேலும் பரக்கத் செய்வானாக. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநகராட்சி வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கி, பின்னர் பன்மடங்குக்கு விற்றவர்களில் நம் சமுதாயத்தாரும் உண்டு. ஆனால் ஏணியில் ஏறிப் போனவர்களைக் காட்டி, ஏணியே இல்லாதவர்களை மறக்கச் சொல்வது வாதமாகாது. பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களிடம் விற்க ஒன்றும் இருந்ததில்லை.

வாடகைக்கு விடுவதாகச் சகோதரர் சொல்கிறார். யாருக்கு? பத்து லட்சம் பவுண்டு போட்டவர் அதற்கேற்ற வாடகையைத்தான் எதிர்பார்ப்பார். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுவதே இலாபம் என்று முகவர் காதில் ஓதுவார். லண்டனில் அனுமதி பெறாமல் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை அப்படி விடலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமைகளை ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகும் சக்கரப் பெட்டிக்கு எந்த அண்டை வீட்டார் சலாம் சொல்வார்? குழம்பில் தண்ணீரைக் கூட்டி யாருக்குக் கொடுத்தனுப்புவார்?

போகிற போக்கில் ஒரு செய்தி. அங்கே அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் நிலத்தையோ கட்டடத்தையோ வாங்குவதில்லை. 99 ஆண்டு, 125 ஆண்டு என்று ஒரு குத்தகைக் காலத்தைத்தான் வாங்குகிறார். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தனி. காலம் குறையக் குறைய மதிப்பும் குறையும், நீட்டிக்க மீண்டும் பணம் கட்ட வேண்டும். பளபளக்கும் படங்களில் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கும்படி சகோதரருக்குச் சொல்லியிருக்கிறோம்.

பணத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டால் சொல்லவும் நம்மிடம் ஒன்று உண்டு. ரூமா கிணற்றை அதன் உடைமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டுக்கொடுத்த உஸ்மான் (ரலி) அவர்கள் செல்வந்தர்தாம். சந்தையில் விலை கொடுத்துத்தான் வாங்கினார், ஆனால் அதன் பின் அக்கிணறு சந்தைக்குத் திரும்பவில்லை. வக்ஃபு என்பதன் உயிர் அதில்தான் இருக்கிறது. நாம் மறந்துவிட்ட இதை முஸ்லிமல்லாத அண்டை அயலார் வேறு பெயரில் செய்து காட்டுகிறார்கள். அதே டவர் ஹாம்லெட்ஸில், மைல் எண்ட் சாலையில், ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்துவைத்த பணியில்லமாகவும் பின்னர் மருத்துவமனையாகவும் இருந்த செயின்ட் கிளமென்ட்ஸ் வளாகத்தில் 23 வீடுகளைச் சமூக நில அறக்கட்டளை ஒன்று பெற்றது. 2017 முதல் அங்கே மக்கள் குடியேறினார்கள். அவ்வீடுகளின் விலை சந்தையைப் பார்த்து வைக்கப்படுவதில்லை, அந்த வட்டாரத்தில் உழைப்பவரின் சராசரி வருமானத்தைப் பார்த்து வைக்கப்படுகிறது. விட்டுப்போகிறவரும் அதே கணக்கில்தான் விற்க வேண்டும். எண்ணிக்கை அற்பம்தான். ஆனால் அந்த 23 வீடுகளும் எவருடைய இலாபத்துக்கும் பரணாக மாறாது.

கிழக்கு லண்டன் பள்ளிவாசல் 2015-ல் தன்னை ஒட்டியிருந்த ஃபீல்ட்கேட் தெரு யூத ஆலயத்தை வாங்கியது. வாங்கும் ஆற்றல் சமுதாயத்துக்கு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பள்ளிவாசலை விரிவாக்கப் பணம் திரளுகிறது, மாஷா அல்லாஹ். அதைச் சுற்றி வாழ்பவர்கள் அங்கேயே வாழ்வதற்கு ஒரு பத்து வீடுகளை வாங்கி வக்ஃபு செய்ய ஏன் திரளவில்லை? இலண்டனை மட்டும் கேட்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு முன்னோர் எழுதிவைத்த வக்ஃபு வீடுகளும் கடைகளும் எந்த வாடகைக்கு, யாரிடம் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் எடுத்துப் பார்க்கட்டும்.

சகோதரருக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி, அவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து அதே தொகையை அந்த வட்டாரத்திலேயே வேறு விதமாகப் போட இயலுமா, அங்கேயுள்ள பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் நில அறக்கட்டளையிடமும் பேசிப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறோம். இரண்டு வாரங்களாகின்றன. விளம்பரம் இன்னும் விலக்கப்படவில்லை, அவரிடமிருந்து பதிலும் வரவில்லை.